மாதிரி இதயம்

ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேலை கிடைத்ததே ஒரு தவறான புரிதலால்தான். அதற்கு முன் தியேட்டர் வாசலில் நின்று, முப்பரிமாணப் படத்துக்குக் கண்ணாடி கொடுத்து, படம் விட்டதும் ஒன்று விடாமல் பிடுங்கி வைத்துக்கொண்டிருந்தாள். நேர்காணலில் 'கண்ணாடியில அனுபவம் இருக்குங்க' என்றாள். நிர்வாகம் அதை மருத்துவ அனுபவமாக எடுத்துக்கொண்டது. எடுத்துக்கொண்டவர்கள் இன்றுவரை வருத்தப்படவில்லை. நர்ஸுகள் அவளுக்கு வைத்த பெயர் பூதக்கண்ணாடி.

டாக்டர் வாயால் சொல்லிப் புரியாததை நோயாளியின் கண்ணுக்குக் காட்டுவது அவள் வேலை. தடித்த கண்ணாடியைத் தலையில் மாட்டி ஆளை நிலைக்கண்ணாடி முன் நிறுத்தினால் போதும், சட்டைக்கு மேலேயே இதயம் துடிக்கும். ரத்தக்குழாயில் அடைப்பு எப்படி வரும், ஸ்டென்ட் என்கிற சின்னக் கம்பிவலைக் குழாய் அங்கே போய் எப்படி விரியும் என்று எல்லாம் தெரியும். பாதிப் பேர் தொட்டுப் பார்க்கக் கை நீட்டுவார்கள். பூதக்கண்ணாடி முழங்கையைப் பிடித்துக்கொள்வாள்.

அன்று வந்தவர் பஸ் டிரைவர். ஓர் அடைப்பு, மறுநாள் ஸ்டென்ட் என்று முடிவாகியிருந்தது. கூட அவர் மனைவி. பாதிப் படத்திலேயே மனிதர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார்.

"கிளம்புடி, வீட்டுக்குப் போலாம்."

"என்ன ஆச்சுண்ணே?" என்றாள் பூதக்கண்ணாடி.

"டாக்டர் ஒரு அடைப்புன்னாரு. நான் எண்ணிட்டேன், மூணு இருக்கு. மறைக்கிறாங்கன்னா கேஸ் முடிஞ்சுதுன்னு அர்த்தம். அந்தக் கம்பியெல்லாம் வேணாம். போறது வீட்டுலயே போகட்டும்."

"அண்ணே, அது மாதிரிதாண்ணே!"

"நானும் அதைத்தானே சொல்றேன். அது மாதிரிதான் இருக்கு!"

"ஐயோ, அது மாதிரி இல்லண்ணே. அது... மாதிரி!"

டிரைவர் மனைவியைப் பார்த்தார். "பாவம், இந்தப் பொண்ணுக்கு மண்டையில அடைப்பு போலருக்கு."

மாதிரி என்றால் பொம்மை. மாதிரி என்றால் அச்சு அசல் அதேபோல. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு மனிதனின் உயிர் மாட்டிக்கொண்டு நின்றது. கண்ணாடிக்குள் ஓடும் படத்தைச் செய்த மென்பொருள் கம்பெனிக்காரர்கள் தாராள மனசுக்காரர்கள். எந்த நோயாளிக்கும் உதவட்டுமே என்று ஒரே இதயத்தில் மூன்று அடைப்பையும் வைத்து அனுப்பியிருந்தார்கள்.

டிரைவர் விறுவிறுவென்று வாசலுக்கு நடந்தார், கண்ணாடி நெற்றியிலேயே இருக்க. கண்ணாடியோடு வெளியேறுபவரைப் பிடிப்பது பூதக்கண்ணாடிக்குக் கைவந்த கலை. எட்டித் தோளைப் பிடித்தாள். ஆனால் கழற்றவில்லை. கண்ணுக்கு இறக்கிவிட்டு, அவரை மனைவி பக்கம் திருப்பினாள்.

டிரைவர் அவள் நெஞ்சுக்கு நேரே விரலை நீட்டி எண்ணினார்.

"அடியே, உனக்கும் மூணுடி!"

"உங்களைக் கட்டிக்கிட்டதுக்கு மூணோட நின்னுச்சே!" என்ற மனைவி, சொல்லி முடித்த பிறகுதான் தன் நெஞ்சை நினைத்துப் பயந்தாள்.

சத்தம் கேட்டு டாக்டர் வந்தார். டிரைவர் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"டாக்டர், உங்களுக்கும் மூணு இருக்குங்க. மொதல்ல நீங்க படுங்க."

டாக்டரின் கை தானாக நெஞ்சுக்குப் போனது. படித்த படிப்பு அதைத் தடுக்கவில்லை.

வாசலில் காவலாளிக்கும் மூன்று. சக்கர நாற்காலி தள்ளிப் போனவருக்கும் மூன்று. டிரைவர் மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்போ இது என்னோடது இல்லியா?"

'மாதிரி' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பூதக்கண்ணாடி அதை விழுங்கினாள். "யாரோடதும் இல்லண்ணே. எல்லாருக்கும் காட்ட ஒரே பொம்மை. உங்களோடதை டாக்டர் காட்டுவாரு."

டாக்டர் டிரைவருடைய சொந்த ரத்தக்குழாயைக் காட்டும் ஆஞ்சியோ படத்தைத் திரையில் போட்டார். டிரைவர் மூக்கு உரசும் அளவுக்குக் கிட்டப்போய் எண்ணினார். ஒன்றுதான். மறுபடி எண்ணினார். அப்போதும் ஒன்றுதான். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். மனைவி இப்போதுதான் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி டாக்டர், நாளைக்கு வச்சுடுங்க," என்றவர், பூதக்கண்ணாடி பக்கம் திரும்பினார். "தங்கச்சி, அந்தக் கண்ணாடியை ஒரு நாள் கடனாத் தருவியா?"

"எதுக்குண்ணே?"

"எங்க டிப்போ மேனேஜருக்கு இதயம் இருக்கான்னு ஒருதடவை பார்த்துடறேன்."

"இதுல பார்த்தா எல்லாருக்கும் இருக்கும்ணே."

"அப்போ உங்க மெஷின் சரியில்ல," என்றார் டிரைவர்.