மோதினாலும் நிற்காத கார்

1. இறக்கிய அன்று

அந்தக் கார் ரேஸ் மெஷின் வந்து இறங்கிய அன்றே யாராவது ஒருவர் காலை நசுக்கியிருக்கும். பம்பாயில் மூடிப்போன ஏதோ ஒரு விளையாட்டுக் கடையிலிருந்து வாங்கி, திரும்பி வந்த லாரியில் வெங்காய மூட்டைகளுக்கு நடுவே நிற்க வைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். பீரோ உயரம், பீரோவைவிடக் கனம். இறக்குவதற்கு ஆறு பேர் மூச்சு வாங்கினோம். முன்னால் ஒரு ஸ்டியரிங், கீழே ஆக்சிலேட்டரும் பிரேக்கும், பக்கத்தில் ரெண்டே ரெண்டு கியருக்கு ஒரு லீவர், மேலே டி.வி. மாதிரி ஒரு திரை. பிளக்கைச் செருகினால் படம் இல்லை, கொர்ரென்று சத்தம் மட்டும்தான் வந்தது.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. நான் சேலத்தில் டி.வி. ரிப்பேர் செய்துகொண்டிருந்தேன். மெஷினை வாங்கியவர் நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருந்த நல்லுசாமி. எஞ்சினும் அடிச்சட்டமும் மட்டுமாக சேசிஸ் வந்து நின்றால் பாடி கட்டி முடிக்க மாதக்கணக்கு ஆகும். அதுவரை டிரைவர்கள் வண்டியைக் காத்துக்கொண்டு பட்டறையிலேயே கிடப்பார்கள். சீட்டாட்டம், அதில் சண்டை, அதற்கு முந்தின மாதம் ஒருவனுக்கு மண்டை உடைந்தது. அதை ஒழிக்கத்தான் முன்னறையில் இந்த மெஷின்.

"டி.வி. ரிப்பேர் பண்றவன்தானப்பா நீ? இதும் டி.வி.தான். கார் உள்ளுக்குள்ள ஓடுது, அவ்வளவுதான் வித்தியாசம். நீயே பாத்துக்க" என்றார் நல்லுசாமி.

அவ்வளவுதான் வித்தியாசமாம்! அந்த போர்டைப் போல ஒன்றை நான் அதுவரை கண்ணால் பார்த்ததில்லை. நான்கு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு, ஒரு கெட்டுப்போன கெப்பாசிட்டரைக் கண்டுபிடித்து மாற்றிப் படத்தை வரவைத்தேன். அதற்குப் பிறகு வாரம் மூன்று நாள் நாமக்கல்லிலேயே என் வேலை என்று ஆயிற்று.

2. சாக்பீஸ் எழுத்து

லாரி பாடி பட்டறைகளில் ஒரு வழக்கம் உண்டு. கட்டி முடித்த வண்டியை டிரைவர் ஒரு ரவுண்டு ட்ரையல் ஓட்டிவிட்டு வந்து, எங்கெங்கே குறை என்று வண்டியின் பக்கவாட்டிலேயே சாக்பீஸால் எழுதிவிடுவார். 'இடது கதவு ஆடுது', 'பின்பலகை இறுக்கம்' என்று இருக்கும். அந்தக் குறையைச் சரிசெய்த ஆள்தான் அந்த வரியை அழிக்கலாம். எல்லா வரியும் அழிந்தால்தான் வண்டி டெலிவரி.

டிரைவர்கள் இந்த மெஷினுக்கும் அதையே செய்தார்கள். முதல் வாரம் முடிந்து நான் வந்து பார்த்தபோது மெஷினின் கறுப்புப் பலகை முழுக்க வெள்ளை எழுத்து.

'ஸ்டியரிங்ல ப்ளே ஜாஸ்தி, லொடலொடன்னு ஆடுது.' 'பிரேக் மிதிச்சா ரெண்டு பர்லாங் தள்ளிப் புடிக்குது.' 'ஹாரன் இல்லை.' 'கண்ணாடி இல்லை, பின்னாடி வரவன் தெரியலை.' 'லோடு இல்லாத வண்டிய ஓட்டறதுல என்ன இருக்குது?'

இப்போது பிள்ளைகள் ஒரு விளையாட்டுக்கு மூன்று நட்சத்திரம், நான்கு நட்சத்திரம் என்று போடுகிறார்கள். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். மேட்டூர் அணைக்கட்டு வளைவிலும் கொல்லிமலைக் கொண்டை ஊசியிலும் கை காய்த்தவர்கள் போட்ட மார்க்கை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் நல்லதையும் மறைக்கவில்லை. மழைத்தண்ணீர் தேங்கிய இடத்தில் கார் வழுக்குவதை, "நெம்ப நல்லாப் பண்ணியிருக்கானுங்க, எங்கியோ மழையில அடிபட்டவன்தான் இத செஞ்சிருக்கோணும்" என்றார்கள். "செக்போஸ்ட் இல்லீங்க, போலீஸ் இல்லீங்க, இதவிட என்னங்க வேணும்?" என்று ஒருவர் சொல்ல, அறையே சிரித்தது.

எனக்கோ மூக்குக்கு மேல் கோபம். குறை எழுதுவது சுலபம், போர்டுக்குள் கையை விட்டுப் பார்த்தால்தானே தெரியும்! ஆனால் ரோஷம் விடவில்லை. ஸ்டியரிங் தண்டில் இருந்த தேய்ந்த புஷ்ஷை எடுத்துப் போட்டு, பட்டறை லேத்திலேயே புதிது கடைந்து மாட்டினேன். பிரேக் ஸ்பிரிங்கை மாற்றினேன். ஒரு பழைய ஆட்டோ ஹாரனை முன்பக்கம் கட்டிவிட்டேன். அது விளையாட்டுக்கு எந்த உபயோகமும் இல்லாதது, ஆனாலும் முன்னால் போகிற காரைப் பார்த்து ஆளாளுக்கு அழுத்தித் தள்ளினார்கள். ஒவ்வொரு வரியாக அழித்துக்கொண்டே வந்தேன்.

3. பெரியண்ணன்

அழியாமல் ஒரு வரி நின்றது. 'மோதினா நிக்கோணும்.'

அந்த விளையாட்டில் முன்னால் போகிற காரில் மோதினால் நம் கார் தீப்பிடித்துச் சிதறும். மூன்று எண்ணுவதற்குள் அதே கார் புத்தம் புதிதாக ரோட்டோரம் வந்து நிற்கும். திரும்பவும் ஓட்ட வேண்டியதுதான். அது கூடாது என்பது எழுதியவரின் கட்சி.

எழுதியவர் பெரியண்ணன். முப்பத்தைந்து வயது இருக்கும். பட்டறையில் பாடி கட்டிக்கொண்டிருந்த வண்டிகளில் ஒன்று அவருடைய மச்சானுடையது. பெண்டாட்டியின் அண்ணன், நிலத்தை அடமானம் வைத்து சேசிஸ் எடுத்திருந்தார். ஓட்டப்போவது பெரியண்ணன்தான் என்று பேச்சு. ஆனால் அவர் ஸ்டியரிங்கைத் தொட்டு இரண்டு வருடம் ஆகிவிட்டது என்றும், எருமப்பட்டிப் பக்கம் ஒரு ஆக்சிடென்ட் என்றும், சாட்சி இல்லாமல் கேஸ் தள்ளுபடி ஆகிவிட்டது என்றும் மற்ற டிரைவர்கள் என்னிடம் சொன்னார்கள். கை பழைய நிலைக்கு வருகிறதா என்று பார்க்கத்தான் தினமும் மெஷினில் உட்காருகிறாராம்.

அவர் ஓட்டுவதைப் பார்த்தால் பாவமாக இருக்கும். முன்னால் ஒரு கார் தெரிந்ததும் பிரேக்கை மிதித்து, அதன் பின்னாலேயே போவார். ஓவர்டேக் கிடையாது. டைம் முடிந்து ஆட்டம் நின்றுவிடும். "ஏனுங்க, கல்யாண ஊர்வலமுங்களா?" என்று கிண்டல் செய்வார்கள். அவர் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்.

நான் ஒருநாள் எரிந்து விழுந்தேன். "அது மெஷினோட குறை இல்லைங்க. செஞ்சவனே அப்படித்தான் வெச்சிருக்கான். நான் என்ன பண்ணட்டும்?"

"குறைன்னு பட்டுச்சு, எழுதினேனுங்க. அழிக்கறதுன்னா அழிச்சுக்குங்க" என்றார் பெரியண்ணன்.

சரிசெய்யாமல் அழிப்பதா? பட்டறைக்காரர்கள் என் முகத்தில் காறித் துப்புவார்கள். போதாததற்கு நல்லுசாமி வேறு போகிறபோதும் வருகிறபோதும், "என்னப்பா, அந்த ஒரு வரி அப்படியே இருக்குது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

4. நான் செய்த வேலை

அந்தக் குறையைத் தீர்க்க எனக்குப் பத்து நாள் ஆயிற்று. அந்த போர்டின் தலைமை ஐ.சி.யில் ஒரு கால் உண்டு. அதை எர்த்தோடு சேர்த்தால் ஐ.சி. செய்துகொண்டிருந்த வேலையை அப்படியே விட்டு நின்றுவிடும், படம் மட்டும் திரையில் தங்கும். மோதும் சத்தம் வருகிற லைனிலிருந்து ஒரு ரிலேயை ஓட்டி, அந்தக் காலைப் பிடிக்கும்படி செய்தேன். மோதினால் மோதிய இடத்திலேயே எல்லாம் உறையும். மெயின் சுவிட்சை அணைத்துப் போட்டால்தான் மறு ஆட்டம்.

எனக்குத் தலைகால் புரியாத பெருமை. மத்தியானச் சாப்பாடு முடிந்து எல்லோரும் இருக்கும் நேரமாகப் பார்த்து, "பெரியண்ணன், வாங்க. உங்க குறை தீந்துது. நீங்களே ட்ரையல் பாருங்க" என்று கூப்பிட்டேன்.

உட்கார்ந்தார். எல்லோரும் சுற்றி நின்றதாலோ என்னவோ, அன்றைக்கு வேகமாக ஓட்டினார். இரண்டு காரை ஓவர்டேக் செய்தார். விசில் அடித்தார்கள். மூன்றாவது வளைவில் ஒரு காரின் பின்புறத்தில் மோதினார்.

படம் நின்றது. தீ எரியும் நிலையிலேயே நின்றது, சத்தமும் இல்லை. பழக்கத்தில் எல்லோரும் மூன்று எண்ணக் காத்திருந்தோம். புதுக் கார் வரவில்லை. நான் சிரித்துக்கொண்டே அவர் முகத்தைப் பார்த்தேன், சிரிப்பு போய்விட்டது.

அவர் கால் பிரேக்கின் மேல் இருந்தது. முழு பலத்தோடு மிதித்துக்கொண்டிருந்தார். கை ஸ்டியரிங்கை விடவில்லை.

"அந்த ஆளு எந்திரிச்சு உக்காரப் பாத்தானுங்க" என்றார். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை, திரையைப் பார்த்துத்தான் சொன்னார். "மாட்டுக்குச் சோளத்தட்டுக் கட்டு வெச்ச சைக்கிள். பட்டப்பகலு. கண்ணாடியில பாத்தேன். கைய ஊனி எந்திரிக்கப் பாத்தான். நான் நிக்கலைங்க. நேரா ஸ்டேசனுக்குப் போயிட்டேன். நான் சொல்லி, அவங்க வண்டி புடிச்சுப் போறதுக்குள்ள முடிஞ்சு போச்சுங்க."

அங்கே நின்ற அத்தனை டிரைவர்களுக்கும் அந்தப் பாடம் சொல்லிக் கொடுக்கப்பட்டிருந்தது. அடிபட்டால் நிற்காதே, நின்றால் ஊர் சேர்ந்து கட்டிவைத்து அடிக்கும், வண்டியைக் கொளுத்தும், ஸ்டேசனில் போய் நில். தொழிலுக்கு வந்த முதல் நாளே எல்லோரும் கேட்டது அது. அதில் பொய்யும் இல்லை.

"உட்ரா பெரியண்ணா, ஆரா இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்போம்" என்றார் ஒரு வயதான டிரைவர்.

"ஆமாங்கண்ணா" என்றார் பெரியண்ணன். பிறகு என்னைப் பார்த்து, "இப்ப என்ன பண்ணோணுமுங்க?" என்று கேட்டார்.

மெஷினைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்து, "சுவிட்சை அணைக்கணுங்க" என்றேன். என் வாயில் அடுப்புக் கரியை வைத்துத் தேய்க்க வேண்டும் போல இன்றைக்கும் இருக்கிறது.

5. தம்மம்பட்டி

அன்று சாயங்காலமே அந்த ரிலேயைப் பிடுங்கி எறிந்துவிட்டேன். மூன்றாம் நாள் பெரியண்ணன் என்னிடம் வந்தார். செத்தவர் தம்மம்பட்டிக்காரர், உறவுக்காரர் தோட்டத்துக்கு வந்த இடத்தில் அடிபட்டவர். அந்த வீட்டுக்குப் போகவேண்டும், கூட வரமுடியுமா என்று கேட்டார்.

"உங்க மச்சானக் கூட்டிட்டுப் போங்களேன்."

"அவரு போகவே உடமாட்டாருங்க. கேஸ் முடிஞ்சதக் கிளறாதேம்பாரு. நீங்க வாங்க."

எனக்கு என்ன வேலை அங்கே? ஆனாலும் கிளறிவிட்டவனே நான்தானே. பஸ்ஸில் போனோம். வீட்டைக் கண்டுபிடித்தபோது ஒரு அம்மா, செத்தவருடைய சம்சாரம், வாசலில் கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். பெரியண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று, "அந்த லாரி டிரைவர் நான்தாங்கம்மா" என்றார்.

அந்த அம்மா கத்தவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. இதையெல்லாம் எதிர்பார்த்துத்தான் நான் பின்னால் தள்ளி நின்றிருந்தேன். முறத்தைக் கீழே வைத்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"எதாச்சும் சொன்னாராங்க?"

பெரியண்ணனுக்கு முதலில் புரியவில்லை.

"இல்ல, கடேசியா எதாச்சும் சொன்னாரான்னு. ஆஸ்பத்திரிக்கு வரப்பவே உசுரில்லைன்னுட்டாங்க. கோர்ட்டுலயும் ஆரும் சொல்லல. நீங்கதான கிட்ட இருந்தீங்க?"

"நான் கிட்ட இல்லீங்கம்மா" என்றார் பெரியண்ணன். "நான் நிக்கலீங்கம்மா."

அந்த அம்மா "அப்பப் போங்க" என்று சொல்லிவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டார்.

திரும்பும் வழியில் ஆத்தூர் பஸ் ஸ்டாண்டில் வண்டிக்குக் காத்திருந்தபோது பெரியண்ணன் அழுதார். நான் டீ வாங்கிக் கொடுத்தேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

6. அதற்குப் பிறகு

புது லாரி தயாரான அன்று அவர் ஏறி உட்கார்ந்து, எஞ்சினை ஓடவிட்டு, வெகுநேரம் நகராமல் இருந்தார். மச்சான் கீழே நின்று வேர்த்துக் கொட்டினார். எடுப்பாரா மாட்டாரா என்று பட்டறையே வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தது. எடுத்தார். மெதுவாகத்தான் போனார், ஆனால் போனார்.

மெஷின் இன்னும் இரண்டு வருடம் ஓடியது. பிறகு படக்குழாய் போய்விட்டது. நல்லுசாமி அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார். நானும் சேலத்துக்கே திரும்பிவிட்டேன்.

ஒருமுறை பெரியண்ணன் என் கடைக்கு வந்தார். மேச்சேரியிலிருந்து வந்துகொண்டிருந்தபோது, வேறு ஏதோ வண்டி அடித்துப் போட்டுவிட்டுப் போன ஒருவர் ரோட்டில் கிடந்தாராம். கிளீனர் வேண்டவே வேண்டாம் என்று கையைப் பிடித்து இழுத்திருக்கிறான். நம் தலையில்தான் கேஸைக் கட்டுவார்கள் என்றானாம். பெரியண்ணன் நிறுத்தி, அவரைத் தூக்கி கேபினில் படுக்கவைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார். ஓமலூர் தாண்டும்போதே உயிர் போய்விட்டது. போலீஸ் இரண்டு நாள் உட்காரவைத்து விசாரித்தது. ஒரு அறையும் விழுந்ததாம்.

"இத்தனைக்கும் என்ன லாபம்? ஆள் பொழைக்கலையே" என்றேன். என் புத்தி அப்படி.

"பேசினாருங்க" என்றார் பெரியண்ணன். "நல்லா வெளங்கிச்சு. எருமைக்குத் தண்ணி காட்டலை, எருமைக்குத் தண்ணி காட்டலைன்னு ரெண்டு வாட்டி சொன்னாருங்க."

வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். ஒருவர் குறை என்று ஒன்றை எழுதினால், ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதற்கு முன்னால் எழுதிய ஆளிடம் பத்து நிமிடம் உட்கார்ந்து பேசுங்கள். நான் பேசவில்லை. பத்து நாள் போர்டோடு மல்லுக்கட்டினேன், அந்த மனிதரிடம் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

போலீஸ் விட்டதும் பெரியண்ணன் நேராகத் தன் வீட்டுக்குப் போகவில்லை. விசாரித்துக்கொண்டு மேச்சேரிப் பக்கம் செத்தவருடைய வீட்டுக்குப் போய், எருமைக்குத் தண்ணீர் காட்டவில்லை என்று அவர் சொன்னதை அவருடைய சம்சாரத்திடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.