லண்டனுக்குப் போகாத தோல் பெட்டி

எங்கள் தமிழ்ச் சங்க ஆண்டு விழாவில் வரவேற்புரை நிகழ்த்திய மாட்டுங்கா மாமா, "லண்டன் வரை போய்க் கணக்குப் பாடம் நடத்திய நம் பேராசிரியர்" என்று முழங்கினார். ஒரே கைதட்டல். மாலையும் கழுத்துமாக மேடையில் இருந்த பேராசிரியர் மட்டும் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. அவர் ஓய்வு பெறும் விழாவுக்கான மலரில் வாழ்க்கைக் குறிப்பு எழுதும் வேலை என் தலையில்தான். ஒவ்வொரு வரியையும் விசாரித்துவிட்டே எழுதுவது என்று முடிவு செய்தேன்.

மறுநாளே மாமாவைப் பிடித்தேன்.

"லண்டன் சமாசாரம் உங்களுக்கு யார் சொன்னா, மாமா?"

"ஊருக்கே தெரியுமேடா! போன வருஷம் தாராவி பாய் மைக்லயே சொன்னாரே."

பாய்க்குத் தாராவியில் தோல் பெட்டிக் கடை. சங்கத்துக்குப் பெரிய புரவலர். கடைக்கே போய் விசாரித்தேன்.

"பொட்டி நாந்தான தம்பி செஞ்சு குடுத்தேன்! அம்புட்டுப் பெரிய தோல் பொட்டி எதுக்கு, இந்தா பக்கத்துல இருக்குற குர்லா போறதுக்கா?"

"லண்டன் போறேன்னு அவர் சொன்னாரா, பாய்?"

"அரே, அத வேற வாய் விட்டுக் கேக்கணுமாக்கும்? பொட்டியப் பாத்தாலே தெரியாதா?"

செம்பூரில் பேராசிரியர் வீட்டுக்கு ஓடினேன். அவர் கட்டிலுக்கடியிலிருந்து அந்தப் பெட்டியை இழுத்துத் திறந்தார். உள்ளே விளிம்பு வரை பரீட்சைப் பேப்பர்.

"ரயில் கூட்டத்துல கசங்காம திருத்தக் கொண்டுவரணுமேன்னு செய்யச் சொன்னேன். இதுதான்டா என் லண்டன்."

"மேடையிலேயே மறுத்திருக்கலாமே, சார்?"

"கழுத்துல மாலையைப் போட்டுட்டுன்னா சொல்றா! மாலையோட எழுந்து சண்டை போடறதா?" பெட்டியை மூடிக் கட்டிலுக்கடியில் தள்ளினார். "மலர் என் காலேஜுக்கும் போகும். தினமும் என்னோட டீ குடிக்கறவா, எந்த லீவுல லண்டன் போனேன்னு கேட்டா, மூஞ்சியை எங்கே வெச்சுப்பேன்?"

மலரில் லண்டனை அடித்துவிட்டேன். அது சுலபம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை விழாவில் பொன்னாடை போர்த்திப் பேசப் போவது பாய். கல்லூரிக்காரர்கள் முன்வரிசையில் இருப்பார்கள். இந்தத் தடவை அவர் அமெரிக்காவையும் சேர்த்துவிட்டால்?

சாரைக் கெஞ்சிச் சம்மதிக்க வைத்திருக்கிறேன். பேப்பரோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானே மேடையேறப் போகிறேன். "பாய், நீங்க செஞ்ச பொட்டி இன்னும் எவ்வளவு உறுதியா இருக்கு பாருங்க, நீங்களே திறந்து சபைக்குக் காட்டுங்க" என்பேன். மைக் அவர் கைக்குப் போவதற்குள் சொல்லிவிட வேண்டும்.