தகன மேடைக்கு வந்தவுக சொன்னது

எரிவாயு தகன மேடையில வேலை பாக்குறவனுக்கு பஸ்ஸுல எப்பவும் ரெண்டு ஆள் சீட்டு கிடைக்கும். என்ன வேலைன்னு தெரிஞ்சதும் பக்கத்துல இருக்கிறவுக எந்திரிச்சிருவாக. அருப்புக்கோட்டைப் பக்கத்துல பதினோரு வருசமா இந்த வேலையில இருக்கேன். கவுண்டருக்குப் பின்னாடி உக்காந்து நாலு பேருக்குப் பதில் சொல்லிக் காலந்தள்ளுறவுகளுக்கு என் பாடு புரியும்.

வாய் தவறி

இதுக்கு முந்தி பாளையம்பட்டியில ஒரு மளிகைக்கடையில நின்னேன். இங்க சேர்ந்த புதுசுல, காரியம் முடிஞ்சு கிளம்புன ஒரு பெரியவர்கிட்ட கடைப் பழக்கத்துல, "போயிட்டு வாங்கண்ணாச்சி"ன்னுட்டேன். சாவு வீட்டுலயே சொல்லக்கூடாத வார்த்தை. கூட நின்னவுக மூஞ்சியெல்லாம் மாறிருச்சு. அவரு மட்டும் செருப்ப மாட்டிக்கிட்டே சொன்னாரு: "வாரேன் தம்பி. அவசரம் ஒண்ணுமில்லையே?"

கதவு

அப்ப மேடை புதுசு. விறகும் வறட்டியும் அடுக்கி வெட்டவெளியில எரிச்சுப் பழகின சனத்துக்கு, இரும்புக் கதவுக்குள்ள தள்ளுறதுன்னா மனசு ஒப்பாது.

பரளச்சியில இருந்து மிளகாய் வெள்ளாமைக்காரர் ஒருத்தர் தன் மனைவியைக் கொண்டுவந்தாரு. எல்லாம் தயார். அவரு மட்டும் கதவுக்குக் குறுக்க நின்னுக்கிட்டாரு. "அவ மூடுன ரூமுல படுக்கமாட்டா தம்பி. மார்கழிக் குளிர்லயும் வாசல்லதான் கட்டிலு." மகன், "சும்மா இருங்கப்பா"ன்னு கையைப் பிடிச்சு இழுத்தான்.

நான் அவரை வெளிய கூட்டிட்டுப் போயி, புகைபோக்கியைக் காட்டினேன். "இதுவழியா நேரா மேல போயிருவாக. அங்க கதவு கிடையாது"ன்னேன். ரொம்ப நேரம் அண்ணாந்து பாத்தாரு. திரும்பி வந்து அந்தம்மா நெத்தியத் தடவினாரு. "போ புள்ள. உள்ள செத்த நேரந்தான். அங்கிட்டு வெட்டவெளிதான்."

வரிசை

முன்னயெல்லாம் இந்தப் பக்கத்துல ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு சுடுகாடு, தனித்தனிப் பாதை. இப்ப எல்லாருக்கும் ஒரே மேடை.

ஒருநாள் காலையில ஒரே கிராமத்துல இருந்து ரெண்டு வண்டி வந்துச்சு. முதல் வண்டியில, கூலி வேலை பாத்து மகனைக் கண்டக்டராக்குன ஒருத்தர். ரெண்டாவது வண்டியில, அவரு யார் காட்டுல காலமெல்லாம் உழைச்சாரோ அந்த முதலாளி. முதலாளி மகன் என்கிட்ட வந்து, "எங்கப்பாவை முதல்ல எடுங்க, வெளியூர்ச் சனம் காத்துக்கிட்டு இருக்கு"ன்னு சத்தம் போட்டாரு.

கண்டக்டர் குரலை உசத்தல. "எங்கப்பா ஆயுசு பூராம் இவுகளுக்குப் பின்னாடியே நடந்துட்டாரு. இன்னைக்கு வரிசைப்படி போகட்டும்"னாரு.

செத்துப்போன முதலாளியோட தம்பி கூட்டத்தை விலக்கிக்கிட்டு வந்தாரு. அடிதடிதான்னு நினைச்சேன். அவரு கையில இருந்த மாலையை அந்த உழைப்பாளி காலடியில வச்சாரு. அப்புறம் அண்ணன் மகன் பக்கம் திரும்பினாரு: "அவரு சொல்றதுதான் முறை. உக்காருலே."

ஈரம்

பாலவனத்தத்துல இருந்து வந்த ஒருத்தருக்கு மகன்க ரெண்டு பேரும் கடைசிக் காரியம் பண்ணிக்கிட்டிருக்கப்ப மழை பிடிச்சிருச்சு. ஊரே மாசக்கணக்கா ஏங்கிக் கிடந்த மழை. மகன்க அழுதுக்கிட்டே வானத்தைப் பாக்குறாக. மானாவாரிக் காடு, இந்த ஈரத்துல விதைக்கலைன்னா வருசம் போச்சு. ஆனா வீட்டுல துக்கம். எப்படி வாய்விட்டுச் சொல்ல? தாய்மாமன்தான் அதட்டினாரு: "ஏலே, உங்கப்பன் இருந்தா இந்நேரம் உங்களை விரட்டியிருப்பான். டிராக்டருக்குப் போனைப் போடுங்கலே!"

மறுநாள் சாம்பல் வாங்க வந்தப்ப ரெண்டு பேர் கையிலயும் காலுலயும் கரிசல் அப்பியிருந்துச்சு. கை கழுவக் குழாயைக் காட்டினேன். மூத்தவன் கலயத்துக்குக் கையை நீட்டிக்கிட்டே சொன்னான்: "இருக்கட்டும்ணே. இந்த மண்ணுக்கு அப்பா ஒண்ணும் சொல்லமாட்டாரு."

மத்த தொழில்ல வாடிக்கையாளரைத் திருப்திப்படுத்தச் சம்பளம். எங்க தொழில்ல அவுக ஒருத்தரும் இதுவரை குறை சொன்னதில்ல, கூட வர்றவுகளைச் சமாளிக்கத்தான் சம்பளம்.