படுத்துக் கிடந்த குப்பிகள்

எங்கள் ஊரில் குப்பி நின்றால் நிறைந்திருக்கிறது, படுத்தால் காலி. பாறசாலையிலிருந்து பொழியூர் வரை யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். இத்தாலியில் நர்ஸாக இருந்த என் அத்தை மட்டும் வேறு மாதிரி சொன்னாள். லீவுக்கு வரும்போதெல்லாம் இரண்டு குப்பி ஒயின் கொண்டுவருவாள். மூன்று லீவில் ஆறு சேர்ந்தது. எங்கள் வீட்டு வடக்கு முறியில், அதாவது வடக்குப் பக்க அறையில், பலாமரம் மறைப்பதால் வெயில் எட்டாது. அங்கே தன் பழைய கட்டிலுக்கடியில் சாக்கு விரித்து ஆறையும் படுக்க வைத்தாள். தக்கை நனைந்தே இருக்க வேண்டுமாம். காய்ந்தால் காற்று புகுந்து ஒயின் கெட்டுவிடுமாம். நான் அப்போது நாலாம் வகுப்பு. வீட்டில் இதையெல்லாம் காது கொடுத்துக் கேட்டது நான் ஒருத்திதான்.

அப்பா சபைக் கமிட்டியில் இருந்தார். ஒயின் என்றால் திருவிருந்தில் ஒரு சொட்டு, அதற்கு மேல் பாவம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டு ஜெபத்துக்கு வந்த கமிட்டிக்காரர் ஒருவர், பாய் எடுக்க வடக்கு முறிக்குப் போனார். திரும்பி வந்து அப்பாவின் காதில், "ஆறும் காலியாக்கும்" என்றார். குடிக்காத மனிதருக்கு இப்படியும் ஒரு பழி வருமா! அப்பா குப்பிகளைத் தூக்கி வந்து ஹால் ஜன்னலில் வரிசையாக நிறுத்தினார். அதுவரை ஒளித்து வைக்கச் சொன்னவர், நிறைந்திருப்பதை எல்லாருக்கும் தட்டித் தட்டிக் காட்டினார். மேற்கு வெயில் நேரே அவற்றின்மேல் அடித்தது.

கடைக்குப் போயிருந்த அத்தை வந்து பார்த்தாள். அத்தனை பேர் முன்னாலும் ஒவ்வொன்றாக எடுத்துக் கையில் சாய்த்தபடி வடக்கு முறிக்கே கொண்டு போனாள்.

"எட்டி, ஆளுக என்ன நெனைக்கும்?" என்றார் அப்பா.

"நெனைக்கட்டு அண்ணே. நான் பெறந்த வீடாக்கும் இது. ஒரு கட்டிலுக்கடி எனக்கு உண்டா இல்லியா, அத மட்டும் சொல்லு."

நான்தான் "உண்டு அத்தை" என்றேன். தொடையில் அம்மா நன்றாகக் கிள்ளினாள். இன்றைக்கும் சொல்வேன், அதற்கு நான் அழவில்லை.

அத்தை இத்தாலிக்குத் திரும்பிய பிறகு வாரம் தவறாமல் போன் வரும். அப்பாவிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு என்னைக் கூப்பிடுவாள். "மக்கா, படுத்துத்தான் கெடக்குதா?" என்பாள். கிடக்கிறது என்பேன்.

ஒருநாள் அப்பா அரிசிச் சாக்குகளோடு வடக்கு முறிக்கு வந்தார். கட்டிலைக் கழற்றிவிட்டு அங்கே அடுக்கப் போவதாகச் சொன்னார். நான் கட்டிலுக்கடியில் புகுந்து குப்பிகளோடு படுத்துக்கொண்டேன்.

"வெளிய வா எட்டி."

"வரமாட்டேன்."

சோறும் வேண்டாம் என்றேன். சாயங்காலம் சாக்குகள் அடுக்களைக்குப் போயின.

அடுத்த போனில் இதைப் பெருமையாகச் சொன்னேன். அந்தப் பக்கம் அத்தை மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. ஆறு குப்பிக்கு இத்தனை அழுகையா என்று எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. "ஒண்ணும் ஒடையல்ல அத்தை, ஒண்ணும் ஒடையல்ல" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன்.