படகிலும் கழற்றாத சங்கிலி

சிட்னியின் பென்டில் ஹில்லில் உள்ள தமிழ் மளிகைக் கடையில் ஈழத்து அன்ரி ஒருவரை அடிக்கடி பார்ப்பேன். ஒல்லியான உடம்பு, நரைத்த கொண்டை. பேசும்போதெல்லாம் கழுத்துச் சங்கிலியை விரலால் தடவிக்கொள்வார்.

ஒரு மத்தியானம் கடை வாசலில் ஒருவன் அவரிடம் கத்தியை நீட்டிச் சங்கிலியைக் கேட்டான். அன்ரி, அப்போதுதான் வாங்கிய உறைந்த மீன் இருந்த பையைச் சுழற்றி அவன் மணிக்கட்டில் ஓங்கி அடித்தார். கத்தி கீழே விழுந்தது. அவன் ஓடிவிட்டான்.

நான் போலீசுக்கு போன் அடித்துவிட்டு, "குடுத்திருக்கலாமே அன்ரி, உயிரல்லோ பெரிசு?" என்றேன்.

"ஓம் பிள்ளை, உயிர்தான் பெரிசு. ஆனா அகதியாப் படகில இஞ்ச வரேக்கையே இதை ஒருத்தருக்கும் கழட்டிக் குடுக்கேல்லை. இவனுக்கோ குடுக்கிறது?" என்று சிரித்தார்.

கடையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். போலீஸ் வரும்வரை அன்ரி கத்தியை மிதித்தபடி நிமிர்ந்து நின்றார். அந்த நிமிர்வு எனக்கு வாய்க்குமா என்று இன்னும் யோசிக்கிறேன்.