பறக்காத பைலட் வெளியூர் போன கதை

ஜெராக்ஸ் கடைக்காரருக்குத் தெருவில் வைத்த பெயர் ‘பறக்காத பைலட்’. ஐம்பத்திரண்டு வயது வரை விமானத்தில் கால் வைத்ததில்லை மனிதர். ஆனால் எந்த விமானம் எந்த டெர்மினலுக்கு மாறியது, கைப்பை எத்தனை கிலோ தாண்டினால் வாசலிலேயே நிறுத்துவார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஜன்னலில் வெளிச்சம் பட்டதும் எழுந்து அன்றைய விமானச் செய்திகளைத் திரட்டுவார். அடியில் ஓட்டல் யோசனை ஒன்றைச் சேர்த்து, ஓயாமல் ஊர் சுற்றுகிற ஆயிரம் பேர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டுத்தான் பல் தேய்ப்பார்.

யோசனைகளெல்லாம் மனைவி உபயம். அவள் ஆஸ்பத்திரிகளில் ஸ்கேன் மிஷின் ரிப்பேர் பார்ப்பவள். மாதத்தில் இருபது நாள் வெளியூர் ஓட்டல்தான். அறைக் கதவைத் திறந்ததும் அவருக்கு போன் போட்டுவிடுவாள். “லிஃப்ட் பக்கத்து ரூம் வேண்டாம்னு மாத்திக்கிட்டேன், எழுதிக்குங்க. திரைச்சீலை நடுவுல வெளிச்சம் வருது, பேண்ட் மாட்டற ஹேங்கர் கிளிப்பைப் போட்டுட்டேன், அதையும் எழுதிக்குங்க.” அவரும் எழுதுவார். போய் இறங்கியதும் உட்காரக்கூட உட்காராமல் அப்படி என்ன அவசரம் என்று உள்ளுக்குள் சலித்தும் கொள்வார்.

போன மாதம் ஓட்டல் குளியலறையில் அவள் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. மறுநாள் காலை எட்டு மணிக்கு ஆபரேஷன்.

“நீங்க வர வேண்டாம். வழி தெரியாம முழிப்பீங்க. நான் பாத்துக்கறேன்” என்றாள் போனில். பதினோரு வருஷமாக அந்தக் குரலைக் கேட்டு எழுதியவருக்கு அதிலிருந்த நடுக்கம் தெரியாதா? கடையை இழுத்துப் பூட்டினார். அவளை உள்ளே கொண்டுபோகும் முன் முகத்தைக் காட்டிவிட வேண்டும். அவ்வளவுதான் அவருக்கு வேண்டியது.

விமான நிலையத்தில், மழையால் விமானம் ரத்து என்றார்கள். கூட்டம் கவுன்ட்டரை மொய்த்தது. வரிசையில் நின்றபடியே விமான கம்பெனிக்கு போன் போடுங்கள் என்று எத்தனை தரம் எழுதியிருப்பார்! போட்டார். முன்னால் நின்ற நாற்பது பேர் நகர்வதற்குள் அடுத்த விமானத்தில் அவருக்கு இடம் கிடைத்துவிட்டது. ஆனால் சீட் பெல்ட்டைக் கழற்றத் தெரியாமல் பக்கத்து இருக்கைப் பெண்ணிடம் கேட்டார். அதை யாரும் எழுதச் சொல்லவில்லையே, பாவம்.

அவர் போய்ச் சேர்ந்தபோது ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரம் முடிந்திருந்தது. காலை ஏழுக்கு வரச் சொன்னார்கள். அவள் தங்கியிருந்த ஓட்டலில் சாவி வாங்கிக்கொண்டு அவள் அறைக்கே போனார். கதவைத் திறந்தார். விரித்த படுக்கை, மூடிய ஜன்னல், ஏசியின் உறுமல். வேறு சத்தமே இல்லை. கை தானாக போனை எடுத்தது. யாரைக் கூப்பிடுவது? அவள் யோசனை சொல்வதற்காகக் கூப்பிட்டதில்லை என்று அப்போதுதான் அந்த மனிதருக்குப் புரிந்தது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அழுதார்.

ஆனாலும் பழக்கம் விடுமா? திரைச்சீலைக்குக் கிளிப் போட்டார். முன்னால் தங்கியவர் வைத்த அலாரம் அகாலத்தில் அடிக்கும் என்று தலைமாட்டுக் கடிகாரத்தின் பிளக்கைப் பிடுங்கினார். முன்னால் தங்கியவள் சொந்தப் பெண்டாட்டிதான் என்பது மறந்தே போனது. கிளம்பும்போது அடையாள அட்டையை மறந்துவிடாமல் இருக்க, அதோடு ஒரு ஷூவையும் அறை லாக்கரில் வைத்துப் பூட்டினார். படுத்தார்.

வீட்டில் ஜன்னல் வெளிச்சம்தான் அவருக்கு அலாரம். இங்கே பொட்டு வெளிச்சம் இல்லை. கண் விழித்தபோது மணி ஏழரை. பதற்றத்தில் லாக்கர் எண்ணை மூன்று தரம் தப்பாக அழுத்த, அது திறக்கவே மாட்டேன் என்றது. எடுத்தார் பாருங்கள் ஓட்டம், ஓட்டல் செருப்போடு.

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் ஸ்ட்ரெச்சர் நின்றது. “உங்ககூட யாரும் வரலையாம்மா?” என்று நர்ஸ் கேட்டுக்கொண்டிருந்தார். “இல்ல” என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

“நான் வந்திருக்கேன்!” அவருக்கு மூச்சு வாங்கியது.

அவள் கண் திறந்தாள். முகத்தைப் பார்த்தாள், கலைந்த தலையைப் பார்த்தாள், பிறகு காலைப் பார்த்தாள். “ஷூ எங்கே?”

“லாக்கர்ல. திறக்க மாட்டேங்குது.”

சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாகி, அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “பயமா இருக்குங்க. உள்ள தெரிஞ்ச குரல் ஒண்ணுகூட இருக்காது.”

“இதுக்கு மேல நீங்க வரக்கூடாதுங்க ஐயா” என்று நர்ஸ் அந்தக் கைகளை மெல்லப் பிரித்தார்.

“நான் இங்கேயேதான் நிப்பேன். பேசிக்கிட்டே இருப்பேன்.”

ஸ்ட்ரெச்சர் உள்ளே போனதும் கதவு மூடியது. அதை ஒட்டி நின்றுகொண்டு அவர் ஆரம்பித்தார். “பச்சைச் சுவரு. ஏழு நாற்காலி, ஒண்ணுக்குக் கை உடைஞ்சிருக்கு. ஜன்னல் தெருப் பக்கம், பஸ் சத்தம் கேக்குது...”

வெளியிலேயே நின்ற நர்ஸ் அருகில் வந்தார். “உள்ள கேக்காதுங்க ஐயா.”

“தெரியும்மா” என்றார் அவர். கதவை விட்டு நகரவில்லை. “ஃபேன் ரெண்டு இருக்கு. ஒண்ணுதான் சுத்துது” என்று தொடர்ந்தார்.