தொண்டைக்குழியில் துடித்த இரத்தக்குழாய்

போர் ஓய்ந்த வருடம் அது. வவுணதீவில் வயல் செய்யும் என் கணவருக்குக் கழுத்தில் கழலை. சோதனைச் சாவடிகளைத் தாண்டி நகரத்துக்குப் போகப் பயந்து பல காலம் தள்ளிப்போட்டவர், ஒருவழியாக ஒபரேசனுக்குச் சம்மதித்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்.

அவருடைய தொண்டைக்குழியில் ஏதோ துடிப்பதை நான் முன்பே கண்டிருந்தேன். எல்லோருக்கும் அப்படித்தான் என்று நினைத்துச் சொல்லாமல் விட்டது என் பிழை. ஒபரேசன் நாள் காலையில் முகம் துடைத்துவிடும்போது அது என் விரலில் பலமாக முட்டியது. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

“மிஸ்ஸி, இவர்ர தொண்டக்குழியில என்னமோ துடிக்குது. டொக்டர் ஒருக்கா பாக்கட்டும்” என்று தாதியிடம் சொன்னேன்.

“சும்மா இரு புள்ள, படிச்ச ஆக்களுக்குத் தெரியாதா?” என்று கணவர் அதட்டினார்.

தாதி டொக்டரை அழைத்து வந்தார். அவர் விரல் வைத்துப் பார்த்துவிட்டு, ஒபரேசனை நிறுத்தி ஸ்கேனுக்கு அனுப்பினார். நெஞ்சுக்குள் இருக்க வேண்டிய பெரிய இரத்தக்குழாய் ஒன்று இவருக்குப் பிறவியிலேயே மேலேறி, மூச்சுக்குழாய்க்கு முன்னால் கிடந்தது.

“தெரியாமக் கத்தி பட்டிருந்தா உயிருக்கே ஆபத்து. நீங்க சொன்னது பெரிய உதவி, அம்மா” என்றார் டொக்டர். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நான். வார்டே என்னைத் திரும்பிப் பார்த்தபோது அவ்வளவு பெருமையாக இருந்தது.

அடுத்த கிழமை அந்தக் குழாய்க்குச் சேதமில்லாமல் கழலையை எடுத்தார்கள்.

இப்போது அவரைக் கூட்டிக்கொண்டு எந்த வைத்தியரிடம் போனாலும் ஸ்கேன் அறிக்கையின் பிரதியைத்தான் முதலில் நீட்டுகிறேன். கண்ணில் பட்டதை வெட்கப்படாமல் சொல்லியும் விடுகிறேன். கணவரோ பக்கத்தில் இருப்பவர்களிடம், “இதக் கண்டுபிடிச்சது என்ர மனிசிதான்” என்று தொடங்கிவிடுவார்.